ஒன்பது ஊக்குகள்

அன்றைக்கு நான் குத்தியது ஒன்பது ஊக்கு. கழற்றும்போது கிடைத்தது எட்டுதான். மிச்சம் ஒன்று எங்கே போனது என்ற கவலை எனக்கு இன்றைக்கும் உண்டு.

நாங்கள் இருந்த கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான காப்பாரில் மாமா ஓர் உருமி மேளக் குழு வைத்திருந்தார். அதில் ஒரே பெண் என் அக்கா. பையன்களைப் போல அவளும் கருப்பு டி-சட்டை, ஜீன்ஸில்தான் பயிற்சிக்குப் போவாள். அந்த வருடத் திருவிழாவில் முதல் அடி அவளுடையது என்று மாமா சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு மாதம் சாப்பாட்டு மேசையைக்கூட அவள் சும்மா விடவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோயில் தலைவர் மாமா வீட்டுக்கு வந்தார். பையன்கள் எப்படி வந்தாலும் சரி, பெண் பிள்ளை சேலையில்தான் வரவேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். மாமா ஏதாவது பேசுவார் என்று அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"சேலைதானே லா, கட்டிட்டு அடி" என்றுவிட்டு மாமா கோப்பையிலிருந்த மைலோவைக் குடித்தார்.

திருவிழா அன்று அம்மா தன் மயில்நிறப் பட்டுச் சேலையை அக்காவுக்குக் கட்டிவிட்டார். முந்தானைக்கு ஊக்குக் குத்தும் வேலையை ஒன்பது வயதான எனக்குக் கொடுத்துவிட்டுக் காரை எடுக்கப் போனார்.

"ரெண்டு பின்னு போதும்டி" என்று அக்கா சொன்னாள். எனக்குப் பயம். அத்தனை பேர் படம் பிடிக்கும் இடத்தில் முந்தானை நழுவினால் என்ன ஆவது? அவள் கண்ணை மூடி விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தோளில், ரவிக்கைக் கையில், அக்குள் பக்கத்தில் என்று குத்திக்கொண்டே போனேன்.

கோயில் வாசலில் அக்கா உருமியை மாட்டி, குச்சியை ஓங்கினாள். கை பாதியில் நின்றது. மறுபடி ஓங்கினாள். பட்டு இழுத்துப் பிடித்தது. அடி விழுந்தது, சத்தம் எழவில்லை. பின்னால் நின்ற மாமா மகன் முதல் அடியை எடுத்துக்கொண்டான். குழு அவன் தாளத்தோடு போய்விட்டது.

மாமா வந்து உருமியைக் கழற்றினார். "பரவால்லம்மா, நீ பூத்தட்டு தூக்கிட்டு முன்னால நட."

நடந்தாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள், அடுத்த வருடமும் இப்படியே வரவேண்டும் என்று தலைவர் சொன்னார். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தாள். முந்தானை ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று எனக்குப் பெருமை.

திரும்பும்போது காரின் பின் சீட்டில் ஊக்குகளைக் கழற்றினேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். இத்தனை பேர் புகழ்ந்த பிறகு எதற்கு அழவேண்டும்? வண்டி ஓட்டிய அம்மா, மை கலையும், அழாதே என்றார்.

"ஒண்ணு காணோம்க்கா, குத்துதா?"

"இல்ல." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அவனுங்களுக்கு ஒரு பின்னுகூட வேணாம்ல?"

யோசித்துப் பார்த்துதான் பதில் சொன்னேன். "டி-சட்டைக்கு எதுக்குக்கா பின்னு?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிறகு உருமிக் குச்சியை என் மடியில் வைத்து, வைத்துக்கொள் என்றாள். எவ்வளவு கெஞ்சியும் என்னைத் தொடவிடாத குச்சி அது. கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில், கிள்ளான் வந்து சேரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன்.