பாவு விரிக்கும் நேரம்

ஐந்தாம் வகுப்புப் பூகோளப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க ஊர்களும் தொழில்களும்தான். சிவகாசி என்றால் தீப்பெட்டி, கோயம்புத்தூர் என்றால் பஞ்சாலை, காஞ்சிபுரம் என்றால் கோயிலும் பட்டும். பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்தியபோது, என் சொந்த ஊரான திண்டுக்கல்லுக்குப் பூட்டு என்று வந்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பூட்டு டீச்சர் என்று பெயர். அறுபதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலை கிடைத்த ஊருக்குத் தனியாக வந்திருந்தேன்.

பட்டு ஊருக்குப் போகிறாள், கொடுத்து வைத்தவள் என்று திண்டுக்கல்லில் பேசிக்கொண்டார்கள். இங்கே எனக்கு வாய்த்தது நெசவாளர் தெருவில் ஓர் ஒற்றை அறை. அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி நாள் முழுவதும் கேட்கும். அது நின்றுவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விடுமுறை நாட்களில் பேச ஆள் இல்லாமல், கோபுரம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு வலியப் போய் வழி சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தெருவில் விடியற்காலையில் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்கள் போதாது. தெருவே வந்து கை கொடுக்கும். நான் கதவுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். யாரோ யாரையோ கேலி செய்வார்கள், யாரோ அறுந்த இழையைத் தேடுவார்கள், காபி வரும். என்னையும் ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று தலைகூட வாரி வைத்திருப்பேன்.

யாரும் கூப்பிடவில்லை. முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. நூல் பிடிக்கத் தெரியாத வெளியூர்க்காரி என்று ஒதுக்குகிறார்கள், ஒதுக்கட்டும். இனி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆனாலும் மறுநாள் காலையில் காது தெருவில்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்துச் சொந்த ஊர்ப் பக்கமே மாறுதல் கிடைத்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்க, நன்றாக விடிவதற்கு முன்பே கதவைத் திறந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு பாவு. குதிரை வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. டிரங்குப் பெட்டியோடு தயங்கி நின்ற என்னை, பாவைப் பிடித்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார்.

"இன்னா டீச்சர், இன்னிக்கி கதவ தொறந்துட்டீங்க? வாங்கம்மா, இந்தப் பக்கம் வந்து புடிங்க."

"நான் ஊருக்கே போறேங்க," என்றேன். "இத்தனை வருசத்துல ஒருநாள்கூட என்னைக் கூப்பிடலையே."

அவர் திகைத்துப் போனார். "பாவுக்கு யாரையும் கூப்புட மாட்டோம்மா. கதவு தொறந்து இருந்தா அவுங்களே வருவாங்க. மூடியிருந்தா, முடியாம இருக்கறாங்க, தூங்கிக்கினு இருக்கறாங்கன்னு வுட்டுடுவோம். உங்க கதவு என்னிக்கும் மூடித்தான இருந்தது?"

தனியாக இருக்கிற பெண் வெளிச்சம் வந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்பது அம்மா சொல்லி அனுப்பிய புத்தி. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை.

முனையிலிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "தூக்குங்கபா, டீச்சர் போவட்டும்," என்றார் அந்த அம்மாள். அத்தனை பேரும் பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். நான் குனிந்து அடியில் நுழைந்து மறுபக்கம் போனேன். போய்ட்டு வாங்க என்று பல குரல்கள் கேட்டன. கையாட்ட ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

வண்டியில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. "நான் முழிச்சுத்தான் இருந்தேன்," என்றேன், வேறு யாரிடம் சொல்ல என்று தெரியாமல் வண்டிக்காரரிடம்.

"ஊருக்குப் போறவங்களுக்குத் தூக்கம் வராதும்மா," என்று அவர் குதிரையைத் தட்டினார்.