துரையின் கண்ணாடி மாளிகை

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணாடி பொருத்துபவர். ஜன்னலோ மீன்தொட்டியோ, நூலிழை அளவு தப்பாது. பேச்சில் மட்டும் அளவே கிடையாது. "இதைப் போட்டா வெளிச்சம் வரும், வெயில்ல இருக்கிற கெட்ட கதிர் வராது. பத்து வருஷம் ஆனாலும் சோபா வெளுக்காது" என்று வருகிறவர்களிடம் அளப்பார். அதில் பொய் இல்லை என்பதுதான் விசேஷம்.

யாரோ வளர்க்க முடியாமல் ஓர் இகுவானாக் குட்டியைக் கொடுத்தார்கள். ஓணான் ஜாதி, பச்சை நிறம். மாமா அதற்குத் துரை என்று பெயர் வைத்து, ஜன்னலோரம் ஆள் உயரக் கூண்டு கட்டினார். சுற்றிலும், மேலேயும், கடையிலேயே உசத்தியான அந்தக் கண்ணாடி. தினமும் துடைப்பார். துரையின் முதுகில் வெயில் தகதகக்கும். அந்த ஜன்னலில் துணி காயப்போடக் கேட்டு அக்கா இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எட்டாம் மாதம் துரை கிளையில் ஏறாமல் படுத்தே கிடந்தது. கால் வளைந்தது. தாடை உப்பியது. சதை போட்டுவிட்டதாக மாமாவுக்கு ஒரே பெருமை. கீரையைக் கடிக்க முடியாமல் நழுவவிட்ட அன்றுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா விரலால் அழுத்தினார். தாடை ரப்பர் மாதிரி அமுங்கியது.

"வெயில் காட்டுறீங்களா?"

"நாள் முழுக்க வெயில்தாங்க. கண்ணாடி வழியா."

"அது எப்படிங்க உதவும்? வெயில்ல ஒரு கதிர் இருக்கு. அது நேரா மேல பட்டாதான் கால்சியம் உடம்புல சேரும். இல்லேன்னா தன் எலும்பையே கரைச்சுக்கும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துடும்னு யாருமே சொல்லலையா?"

ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவரே மாமாதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய், பாவமாக இருந்தது.

"பிழைக்குமா டாக்டர்?" என்றார் மாமா.

"தாடை கெட்டியாகி தானா சாப்பிட்டா பிழைச்சுக்கும். வளைஞ்ச கால் வளைஞ்சதுதான்."

அன்றே மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்தார். காலையில் துரையை மடியில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்காருவார். சிரிஞ்சில் மருந்து புகட்டுவார். வெயிலில் முகம் கறுத்துப்போய்த்தான் கடைக்குக் கிளம்புவார்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். விரலில் ரத்தம் சொட்டியது. அக்கா பதறிப்போய்த் துணியை எடுத்தாள்.

"இருடி, துடைக்காத" என்று அவளைத் தடுத்து, விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாரு மாப்ள, எவ்வளவு ஆழமா கடிச்சிருக்கான்."