போர்டைப் படிக்காமல் ஏறிய பஸ்

சந்தனமும் பழைய தாளும் கலந்த ஒரு வாசனை... என் பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தால் அதுதான் முதலில் வரும். நவராத்திரி பூஜையில் வைத்த புத்தகம். அட்டையில் அம்மா வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் இருந்தோம். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் கணக்கு வேலை. அம்மா நாகர்கோவில் பக்கம். அடுத்த வீட்டு லீலா மலையாளி, ஆனால் எங்கள் தெருவில் வளர்ந்ததால் பாதி தமிழ் பேசுவாள். இருவரும் ஒரே காலேஜில் ப்ரீ டிகிரி. இருவரும் ஒரே பேப்பரில், பிசிக்ஸில் ஃபெயில்!

இன்னொரு தடவை எழுத ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். செப்டம்பர் பரீட்சை என்று பெயர், அந்த வருடம் அக்டோபருக்குத் தள்ளிப் போய் விஜயதசமிக்கு மறுநாள் வந்து நின்றது. இதிலும் போனால் எனக்குக் கல்யாணம். பூதப்பாண்டியில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். லீலாவுக்கு டைப்ரைட்டிங் கிளாஸ். ரெண்டு பேருக்கும் காலேஜ் அத்தோடு சரி.

புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடும். சோறு இறங்காது. படித்தது மறந்துவிட்டதா, படிக்கவே இல்லையா என்றுகூடத் தெரியாது. ஸ்ட்ரெஸ் என்ற வார்த்தை அப்போது எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. "பிள்ளைக்கு முகமே சரியில்ல" என்பார்கள், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் பூஜை வந்தது...

அந்த ஊரில் அஷ்டமி சாயங்காலமே புத்தகத்தைப் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஓர் எழுத்துகூட வாசிக்கக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கப்படி நவமி அன்று வைத்தால் போதும். ஒரு ராத்திரி மிச்சம் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மா விடவில்லை.

"இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இந்த ஊர் முறைய விடப்பிடாது மக்ளே. நம்ம முறையையும் விடப்பிடாது."

"அப்போ ரெண்டும் செய்யணுமா?"

"ஆமா. பரீட்சைக்குப் போற பிள்ள, எந்தச் சாமிக்கும் குறை வைக்காண்டாம்."

அஷ்டமி அன்றே புத்தகம் உள்ளே போனது. நான் பூஜை அறை வாசலிலேயே உட்கார்ந்து அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நவமி மத்தியானம் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எட்டி, லீலாவக் கூட்டிக்கிட்டு கடலுக்குப் போயிட்டு வா. பஸ் போர்டை வாசிக்காண்டாம், ஆருட்டயாவது கேட்டு ஏறு" என்று துரத்திவிட்டாள்.

கிழக்கேகோட்டையில் சரியான கூட்டம். லீலா உண்மையிலேயே தலையைக் குனிந்துகொண்டாள், தப்பித் தவறி போர்டு கண்ணில் பட்டுவிடக் கூடாதே! "சங்குமுகம் போகுமா?" என்று ஒருவரிடம் கேட்டோம். அவர் கையை நீட்டிய பக்கம் ரெண்டு பஸ் நின்றது. ஒன்றில் ஏறினோம்.

பாளையம் வந்தபோது எனக்குச் சந்தேகம். "சுத்திப் போகுமாயிருக்கும்" என்றாள் லீலா. கூட்டத்தை நீந்திக் கண்டக்டர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது வெளியே ரப்பர் மரங்கள் தெரிந்தன... கடலைக் காணோம். பஸ் நெடுமங்காடு போய்க்கொண்டிருந்தது.

"போர்டு நோக்கியில்லே?" என்றார் கண்டக்டர்.

லீலா பாவமாக, "இன்னைக்கு வாசிக்கக் கூடாதல்லோ சாரே, பூஜ வெச்சிருக்கில்லே" என்றாள்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பஸ்ஸே சிரித்தது. எங்களை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாங்கள் ரோட்டோரம் நின்று சிரித்தோம் பாருங்கள்... வயிறு வலித்து, உட்கார்ந்து, மறுபடியும் சிரித்து! நடுவில் லீலா கேட்டாள், "சந்திரா, லென்ஸ் ஃபார்முலா எந்தா?" யோசித்தேன். வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. அதற்கும் சிரித்தோம். பயப்பட வேண்டிய இடம் அது. ஏன் பயம் வரவில்லை என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. அன்று ராத்திரி ரசம் சாதம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

பரீட்சை எழுதினோம்.

ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று லீலாதான் அதைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் கேட்கக் கத்தியபடி ஓடி வந்தாள். "சந்திரா! உன் நம்பர் உண்டு! நீ பாஸாயி!" என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டாள்.

"உன்னோடது?"

"நோக்கியில்லா. உன்னோடதுதான் முதல்ல நோக்கி."

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். லீலாவின் நம்பர் என்னுடையதற்கு முந்தினது. அதைத் தாண்டித்தான் என் நம்பருக்கு வர வேண்டும்.

அவள் நம்பர் அங்கே இல்லை.

நான் டிகிரி முடித்து பேங்க் வேலைக்குப் போனேன். லீலா டைப்பிங் கற்று அரசு ஆபீஸில் சேர்ந்து, நன்றாகவே ரிட்டயர் ஆனாள். அதே பஸ், அதே பூஜை, அதே சிரிப்பு... ஒருத்திக்கு மட்டும் ஏன் கை கொடுத்தது? தெரியாது. அன்று தன் நம்பரையும் பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்தாளா என்று ஒருமுறை அவளிடமே கேட்டேன். "இப்போ எதுக்கு அதெல்லாம்? சாயா குடி" என்றாள்.

போன மாதம் தம்பி மகளுக்கு ரிசல்ட். ரூம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்த்தாள். வெளியே வந்ததும், "நல்ல மார்க் அத்தை" என்றாள். சந்தோஷமாக இருந்தது. உன் சிநேகிதியோடதை நீ பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

அவளுக்கு நான் கேட்டதே புரியவில்லை. "அது எப்படி அத்தை? அவங்கவங்க நம்பரப் போட்டு அவங்கவங்கதான் பாக்கணும்."