கொடியில் தொங்கிய பரிசு

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜோசப் ராஜ் தொண்டிக் கடற்கரைக்குப் பறந்துவிடுவார். கம்பில்லாமல் வெறுங்கையால் அவர் தூண்டில் வீசுவதைப் பார்த்தால் மனைவி சந்தனமேரிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பிறந்தநாளுக்கென்று காரைக்குடிக் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த தூண்டில் கம்பை வாங்கினாள். பத்தடிக் கம்பை எங்கே ஒளிப்பது? பழைய சேலையைச் சுற்றி, கொல்லையில் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டாள். மனுசன் கண்டுபிடிக்கவே இல்லை.

பிறந்தநாளன்று அவிழ்த்துக் கொடுத்தாள். அவருக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் கம்பை வளைத்துப் பார்த்தார்.

“சல்லிசா வாங்குனியோ? பெரிய மீனு மாட்டுனா தாங்குமா?”

“ஒரு வாரமா ஒங்க ஈர வேட்டிய எதுல காயப்போட்டீகன்னு நெனச்சீக?”