கண்ணாடிக்காரரின் கார்

கண்ணாடிக்காரருக்கு உலகத்தில் ஒருவரையும் பிடிக்காது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் என்ன குறை என்று பார்த்துப் பார்த்து, கடையைப் பூட்டிய பிறகும் அந்தப் புத்தி விடவில்லை. தச்சர் செய்து கொடுத்த அலமாரி கோணல். எதிர்வீட்டுச் சுவரில் பெயின்ட் திட்டுத் திட்டு. டயர் கடை வைத்திருக்கும் சகலையைப் பற்றிக் கேட்டாலோ ஒரே வார்த்தைதான் வரும்: "அரைகுறை."

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவர் தான் என்ன கிழித்துவிட்டார் என்று கேட்கிறீர்களா? கொல்லைப்புறத் தகர ஷெட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

அங்கே ஒரு பழைய கார் நிற்கிறது. நிற்கிறது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். சக்கரம் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் ஒரு மூலையில், கதவுகள் சுவரோரம், பம்பர் பழைய போர்வைக்குள். கல்யாணமான புதிதில் வாங்கியது. "முதல் ரவுண்டு உனக்குத்தான்" என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னார் மனுஷன். அதன் பிறகு மகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகித் தனிக்குடித்தனமும் போய்விட்டாள். முதல் ரவுண்டு மட்டும் வந்த பாடில்லை. ரவுண்டு கிடக்கட்டும், அவளை உட்காரக்கூட விட்டதில்லை. கதவு மாட்டியிருந்த காலத்தில் ஒருமுறை ஆசையாக ஒரு காலை உள்ளே வைத்தாள். "வேலை முடியட்டும்! அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று எரிந்து விழுந்தார். அன்றோடு அவள் ஷெட்டுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள்.

வேலை எங்கிருந்து முடியும்? அவர் முறை அப்படி. எந்தப் பாகமும் புதிதைவிடப் புதிதாக இருந்தால்தான் வண்டியில் ஏறும். பம்பரை முகம் தெரியுமளவுக்குத் தேய்த்துப் போர்த்தி வைப்பார். அடுத்து இன்ஜின். அதைப் பிரித்து, கழுவி, பூட்டி நிமிர்வதற்குள் பம்பரில் துரு ஏறியிருக்கும். மறுபடி பம்பர். அது முடிவதற்குள் இன்ஜின் இறுகிப் போயிருக்கும். செக்குமாடு தோற்றது போங்கள்! "எல்லாத்தையும் மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன் சார்" என்று ஒரு மெக்கானிக் சொன்னார், பாவம். "உங்கள மாதிரி ஆளுங்களாலதான்யா நல்ல வண்டியெல்லாம் நாசமாப் போகுது" என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் ஒருநாள், வீட்டை அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"சார், மாடிக்குப் படி கட்டப் போறேன். ஷெட்டை இடிக்கணும். மாசக் கடைசிக்குள்ள வண்டிய எடுத்துடுங்க."

கண்ணாடிக்காரருக்கு இனி இரண்டே வழி. ஒன்று, முடித்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் விற்றுத் தொலைக்க வேண்டும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு லீவு விட்டுவிட்டு, "முடிச்சுக் காட்டறேன் பாரு" என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். மனைவிக்குக்கூடக் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. மத்தியானம் எட்டிப் பார்த்தாள். ஐயா பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சக்கரத்தையாவது மாட்டுங்களேன்."

"மொதல்ல பம்பர்."

அவள் மூலையில் கிடந்த இன்ஜினையும் சுவரோரக் கதவுகளையும் பார்த்தாள். "வித்துடுங்க" என்றாள்.

"யாருகிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்காரர் ரொம்ப நாளா கேக்கறாரு."

"அவனா? நட்டுக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாதவன்!"

"தெரியாதுதான். ஆனா எடுத்த வேலைய முடிப்பாரு."

"அப்போ என்னால முடியாதுங்கறியா?"

"முடியும்னு நெனச்சுதானே இத்தன வருஷம் காத்திருந்தேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கண்ணாடிக்காரர் பம்பரைக் கீழே வைத்தார். மறுநாள் சகலை லாரியோடு வந்தார்.

"கவலைப்படாதீங்க சகலை, ஓட வெச்சுடறேன்."

"நீ? ஓட வெப்பே? கார்புரேட்டர்ல மட்டும் கை வெச்சுடாதே, சொல்லிட்டேன்."

சகலை கார்புரேட்டரில் கை வைக்கவில்லை. இன்ஜினையே தூக்கிக் கடாசிவிட்டு, ஏதோ ஒரு வேனின் இன்ஜினைப் பொருத்திவிட்டார். ஷெட் இடிந்து, மாடிப்படி பாதி எழும்பியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் ஹாரன் அலறியது. கண்ணாடிக்காரர் வாசலுக்கு ஓடினார். அவருடைய கார்! வெளிர் நீலமாக இருக்க வேண்டியது, பச்சைப் பசேலென்று நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஏறுங்க! முதல் ரவுண்டு உங்களுக்குத்தான்" என்றார் சகலை. அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

மனைவி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். பெயின்ட் வழிந்திருக்கிறது என்றார். கதவு இடுக்கில் விரல் போகிறது என்றார். சைலன்சர் தடதடக்கிறது, இதெல்லாம் ஒரு வண்டியா என்றார். அத்தனையும் உண்மை.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க" என்றாள் அவள், முன் சீட்டில் சாய்ந்துகொண்டு. "கதவச் சாத்துங்க."

சாத்தினார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்போது பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றை அளைந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

வயிறு எரிந்தது. எரிந்து அடங்கிய பிறகு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆசை வந்தது. அந்தப் பச்சை அசிங்கத்தில், பின் சீட்டில் ஒரு ஓரமாக ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. பெயின்ட் எப்படி இருந்தால் என்ன? இடுக்கில் கையே போகட்டுமே!

தெருவைச் சுற்றிக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. கண்ணாடிக்காரர் படியிறங்கி, ரோட்டோரம் நின்று, கையை நீட்டினார்.

அவர் கை நீட்டி இதுவரை குறை சொல்லித்தானே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சகலை தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

"சைலன்சர்தானே சகலை? தெரியும், தெரியும்! நாளைக்குப் பாத்துக்கலாம்!"

வண்டி நிற்காமல் போய்விட்டது.