அவர்கள் வீட்டுப் படியில் வைத்த கால்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. திருவண்ணாமலையில் பேகோபுரம் பக்கத்துத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். எனக்கு இருபது வயசு தாண்டியிருந்தது. இடது கால் யானைக்கால்.

தெருக்குழாயில் எனக்குக் கடைசி முறைதான். என் குடம் பட்டால் நோய் ஒட்டிக்கொள்ளுமாம். இந்தச் சட்டத்தைப் போட்டது எதிர்வீட்டு அம்மாள். எனக்கும் வாய் உண்டு, தினமும் சண்டை போடுவேன். ஆனால் தெரு முழுக்க அந்த அம்மாள் பக்கம்.

அந்தச் சமயத்தில் யானைக்கால் நோயை ஆராய வந்தவர்கள் வீடுவீடாக விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதுவும் ராத்திரியில். அந்தப் புழு பகலில் உள்ளே ஒளிந்துகொண்டு ராத்திரிதான் ரத்தத்துக்கு வருமாம். "எங்க வூட்ல யாருக்கு நோவு? அவளுக்கு எடுங்க, போங்க" என்று எதிர்வீட்டு அம்மாள் விரட்டினாள். அவர்கள் விடவில்லை.

கொஞ்ச நாளில் மாத்திரையோடு வந்தார்கள். என்னிடம் வரவில்லை. நேராக எதிர்வீட்டுக்குப் போய், கல்யாணம் நிச்சயமாகியிருந்த மூத்த மகனைக் கூப்பிட்டார்கள். நல்ல திடகாத்திரமான ஆள். அவன் ரத்தத்தில்தான் புழு!

வந்தவரை மடக்கி, எனக்கு ஏன் மாத்திரை இல்லை என்று கேட்டேன்.

"உன் ரத்தத்துல இப்ப பூச்சி இல்லம்மா. எப்பவோ வந்து உள்ள கெடுத்ததுதான் இந்த வீக்கம். கால் வீங்காதவங்க ரத்தத்துலதான் ஜாஸ்தி இருக்கும். கொசு கடிச்சு அடுத்தவங்களுக்குப் போவும். தொட்டா வராது" என்றார்.

அப்படியானால் அத்தனை வருஷம் என்னை ஒதுக்கிவைத்தது எதற்கு?

அந்த மாத்திரை போட்டால், புழு சாகும்போது காய்ச்சல் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவன் மறுநாளே படுத்துவிட்டான். "வெஷத்த குடுத்துட்டாங்க" என்று அந்த அம்மாள் மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் கொட்ட வாசலுக்கு வந்தாள்.

எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ! விறுவிறுவென்று தெருவைத் தாண்டி, என்னை ஏறவிடாத அந்த வீட்டுப் படியில் இந்தக் காலைத் தூக்கிவைத்தேன். புடவையை முழங்கால்வரை ஏற்றினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

"நல்லா பாத்துக்க. இது வோணுமா, மாத்திர வோணுமா?" என்று உள்ளே படுத்திருந்தவனைக் கேட்டேன்.

"பொம்பளையா நீ? துணிய எறக்குடி!" என்று அவன் அம்மா கத்தினாள்.

"உம் புள்ள முழுங்கட்டும், எறக்கறேன்."

அவன் எழுந்து வந்து என் காலையே பார்த்தான். பிறகு அம்மா கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கி விழுங்கினான். மாத்திரை தீரும்வரை தினமும் போய் நின்றேன்.

அந்த வாரமே குழாயடியில் என் குடத்தை முதலில் வைத்தேன். முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் நகர்த்தவில்லை.

அவன் கல்யாணத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள்.

என் கால் கடைசிவரை வடியவில்லை. ஆனாலும் இன்றைக்கு யாராவது அதை ஓரக்கண்ணால் பார்த்தால், நன்றாகவே பார்க்கட்டும் என்று நீட்டி வைத்துக்கொள்கிறேன். இன்னொருவன் காலைக் காப்பாற்றிய கால் அல்லவா இது.