வலமாகச் சுற்றிய மெஷின்

நோயாளிகளுக்கு மெஷின் வைக்கும் வேலையில் இருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா? மெஷினை ஓட்டுவது சுலபம். அதை விளக்கிச் சொல்வதற்குள்தான் பிராணன் போய்விடும். நான் திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்.

தூங்குகிற பூச்சு

பச்சையம்மாள் அக்காவுக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் டீக்கடை. வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்ததில் உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். காயத்தில் சீழ் பிடித்துவிட்டது. நல்லவேளை, அது சோதனை முயற்சியாக, கிருமியைக் கொல்லும் நுண்துகள் பூச்சு பூசிய பிளேட். தோலின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால்தான் பூச்சு வேலை செய்யும். பலிக்காவிட்டால் காலைத் திறந்து பிளேட்டையே எடுக்க வேண்டும். கடை மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

பூச்சு இப்போது தூங்குகிறது, காதுக்குக் கேட்காத சத்தத்தால் அதை எழுப்பப் போகிறோம் என்று என் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டி விளக்கினேன். வெளியே பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவரை அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

"கேக்குற சத்தத்துக்கே இவரு எழுந்துக்க மாட்டாரு. கேக்காத சத்தத்துக்கு அது எழுந்துக்குமா?"

இடமா, வலமா?

ஜெல் தடவி, கருவியைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினேன். ஒரே இடத்தில் வைத்தால் சுடும். அக்கா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் என் கை இடமாகச் சுற்றியிருக்கிறது. ஊரே மலையை வலமாகச் சுற்றும்போது நான் மட்டும் எதிராகச் சுற்றினால் காயம் எப்படி ஆறும் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தப் பக்கம் சுற்றினாலும் மெஷினுக்கு ஒன்றுதான் என்று படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். இழுத்துக்கொண்ட கால் திரும்ப நீளவே இல்லை. டாக்டர் வந்தார். எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால், திரும்பி என்னிடம் சொன்னார்:

"மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. அவங்களுக்கு ஒண்ணு இல்ல. வலமாவே சுத்துங்க."

எழுப்ப வேண்டியவர்

வலமாகவே சுற்றினேன். ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் அக்காவைவிட எனக்குத்தான் பயம். சீழ் குறைந்தது, பிறகு நின்றது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்து, காலைத் திறக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமை பூச்சுக்கா, கூடவே கொடுத்த மாத்திரைக்கா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இனிமே அது தூங்கட்டும்மா. பௌர்ணமிக்குக் கடை தொறக்கணும், வெளிய பெஞ்சுல தூங்கினு கீறாரு பாருங்க, அவர எழுப்புங்க."

மெஷினுக்கு எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்ன எனக்கே, இப்போது வீட்டில் தோசை ஊற்றினாலும் கை வலமாகத்தான் சுற்றுகிறது.